கேற்துவேற் என்றால் என்ன ஆக்கள்?

1

போன மாதம் மருத்துவரின் அறை வாசலில் காத்திருந்தபோது, தாதி வெளியே வந்து என் அப்பாவைக் கூப்பிட்டாள். நான் எழுந்து உள்ளே போனேன். அப்பா காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனால் நோர்வேயில் அவருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, கொலஸ்ட்ரோல் கொஞ்சம் கூட, தவறாமல் கண் பரிசோதனைக்கும் அழைப்பு வருகிறது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நாங்கள் தகப்பன் பெயரை முன்னுக்கும் எங்கள் பெயரைப் பின்னுக்கும் எழுதிப் பழகியவர்கள். வல்லிபுரம் பரமலிங்கம் என்றால் வல்லிபுரத்தின் மகன் பரமலிங்கம். நோர்வேஜியருக்கு முன்னுக்கு நிற்பது ஆளின் பெயர், பின்னுக்கு நிற்பது குடும்பத்தின் பெயர். ஆகவே இந்த நாட்டுக் கணக்கில் நான் பரமலிங்கம் குடும்பத்தைச் சேர்ந்த வல்லிபுரம். இத்தனை காலமும் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறேன். சட்டையில் குத்தியிருக்கும் பட்டியில் ‘வல்லிபுரம்’ என்றுதான் இருக்கிறது. அப்பா தன் வாழ்நாளில் சைக்கிள்கூட ஓடியதில்லை, விழுந்துவிடுவேன் என்று பயம். அப்படிப்பட்ட மனிதர் இங்கே உறைபனியில் ஹோல்ம்லியாவின் ஏற்ற இறக்கங்களில் ஒரு விபத்தும் இல்லாமல் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

முதலில் திருத்தப் பார்த்தேன். ஒவ்வொரு அலுவலகத்திலும் அன்பாகக் கேட்டுவிட்டு இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். பிறகு விட்டுவிட்டேன். மனைவி புவனா வந்தபோது அவளும் பரமலிங்கம் ஆனாள். மகள் ஆரணி பிறக்கும்போதே பரமலிங்கம். வீட்டில் உண்மையான பரமலிங்கம் நான் ஒருவன்தான், ஆனால் என்னை மட்டும் ஒருவரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம், இந்த வருடம் எனக்கு ஒரு மருமகன் வாய்த்திருக்கிறான். அவன் வந்த பாதை முழுக்கப் பெயர்ச் சிக்கல்தான்.

2

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆரணி ஒலிவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆங்கிலேயன். இங்கே நோர்வேயில் பாலங்களில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலை. நல்ல உயரம். ஹவுகெட்டோவில் எங்கள் வீட்டுக் கதவுநிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான், அதைப் புவனா மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். புட்டையும் மீன்குழம்பையும் கையால் குழைத்துச் சாப்பிட்டான். அதுவும் கணக்கில் சேர்ந்தது.

“முழுப்பேர் என்னவெண்டு கேள்” என்றாள் புவனா.

“ஒலிவர் கேற்துவேற்” என்றாள் ஆரணி.

“உப்பிடியும் ஒரு பேரோ?”

ஒலிவருக்குக் கேள்வி விளங்கிவிட்டது. தன்னுடைய குடும்பப்பெயர் மிகவும் அபூர்வமானது என்றான். பிரித்தானியா முழுக்கத் தேடினாலும் கைவிரலில் எண்ணக்கூடிய ஆட்களே உண்டு, எல்லோரும் உறவினர், இளையவர்களில் தான் ஒருவன்தான் மிச்சம். பெயரின் அர்த்தம் கேட்டோம். “ஏதோ ஆட்டோடு சம்பந்தப்பட்டது. என் அப்பப்பாவின் தம்பி ஆதருக்குத் தெரியும். ஆனால் அவர் தொடங்கினால் நிறுத்தமாட்டார். அதனால் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அவரிடம் கேட்பதில்லை” என்றான்.

பிள்ளைகளை வழியனுப்ப நான் ரயில் நிலையம் வரை போனேன். ஒலிவர் சற்று முன்னால் நடக்க, ஆரணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அப்பா, வடிவாக் கேளுங்கோ. அம்மா இப்ப மாமாவுக்குப் போன் எடுப்பா. என்ன ஆக்கள் எண்டு விசாரிக்கச் சொல்லுவா. அதை நீங்கள்தான் மறிக்கோணும்.”

“சும்மா இரு பிள்ளை. வெள்ளைக்காரனை ஆர் விசாரிக்கிறது?”

“நீங்கள் விசாரிப்பியள். அது ஒலிவருக்குத் தெரிஞ்சுதெண்டால் எனக்குப் பின்லி. பிறகு நாங்கள் ராட்ஹூஸிலை போய் எழுதிப்போட்டு வந்திடுவம். நீங்கள் போட்டோவிலை பாக்கலாம்.”

பின்லி என்றால் இந்த மொழியில் வெட்கக்கேடு. ராட்ஹூஸ் என்பது நகரசபைக் கட்டடம், கலியாண எழுத்து அங்கேதான். அவள் வெருட்டுவதற்காகச் சொல்கிற பிள்ளை இல்லை, சொன்னால் செய்வாள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். அவளுடைய கையைப் பிடித்து இன்னொருவன் கையில் கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த நாட்டில் எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் மிச்சமில்லை. அதற்கு முதலில் கலியாணத்துக்கு அழைப்பு வரவேண்டும்.

3

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது புவனா ஏற்கனவே தமையனோடு பேசிக்கொண்டிருந்தாள். மறித்திருக்கலாம். தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் போட்டி போய்க்கொண்டிருந்தது, நான் சத்தத்தைக் கூட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

புவனாவின் தமையன் இரத்தினம் எனக்கு மச்சான். எனக்கு முன்பே நோர்வேக்கு வந்தவர். பிறகு இங்கே தமிழ்ச்சனம் கூடிப்போய்விட்டது, ஒரு விசயத்தையும் ஒளித்துச் செய்ய முடியாது என்று சொல்லி இங்கிலாந்துக்கு மாறினார். வடக்கே ஒரு மலையடிவாரத்துச் சின்ன ஊரில் கடை வைத்திருக்கிறார். பால், பாண், பத்திரிகை. அந்த ஊரில் அவர் ஒருவர்தான் தமிழர். கதைக்க ஒரு தமிழ்ச்சனம் இல்லை என்று அங்கிருந்து தினமும் எங்களுக்குப் போன் எடுத்துக் கவலைப்படுவார். ஒலிவரின் ஆட்களும் அதே மலைப்பக்கம் என்று தெரிந்ததும் மச்சான் கடவுளே தன்னை அங்கு அனுப்பியதாக நினைத்துக்கொண்டார்.

‘என்ன ஆக்கள்’ என்ற கேள்விக்குள் இருக்கும் கேள்வி என்னவென்று ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடல் கடந்தோம், மொழி மாறினோம், ஆட்டிறைச்சியைக்கூடக் குறொன்லாண்டுக் கடைத்தெருவில் பாகிஸ்தான்காரரிடம் வாங்குகிறோம். அந்தக் கேள்வி மட்டும் எங்களோடு சேர்ந்து விமானம் ஏறி வந்துவிட்டது. ஓர் ஆங்கிலேயனை அதற்குள் எந்தப் பெட்டியில் போடுவது என்று புவனாவுக்கும் தெரியாது, மச்சானுக்கும் தெரியாது. ஆனால் விசாரிக்காமல் விட்டால் ஏதோ கதவைப் பூட்டாமல் படுத்ததுபோல அவர்களுக்கு இருக்கும்.

விசாரிப்பதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை வீட்டாரிடம் போய்க் கேட்கக் கூடாது. அடுத்த ஒழுங்கையில் இருப்பவரிடம், முடி வெட்டுபவரிடம், சந்திக் கடைக்காரரிடம், இப்படிச் சம்பந்தமில்லாத மூன்றாம் ஆளிடம் வேறு ஏதோ கதைப்பதுபோலக் கதைத்து அறிந்துகொள்ள வேண்டும். மச்சான் அந்த முறைப்படியே தொடங்கினார். பாண் வாங்க வந்த ஒரு பெண்ணிடம் “கேற்துவேற் என்று இந்தப் பக்கம் யாரும் இருக்கிறார்களா?” என்று மெல்லக் கேட்டார். மலைக்கு அப்பால் ஒருவர் இருக்கிறார் என்றாள் அவள். மச்சான் மத்தியானத்தோடு கடையைப் பூட்டினார். செத்தவீட்டுக்குப் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டார். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு கேக்கும் எடுத்துக்கொண்டார்.

கதவைத் திறந்தவர் ஆதர். ஒலிவரின் அப்பப்பாவின் தம்பி.

உலகத்தில் ஒரு சிலருக்கு மட்டுமே இருக்கும் பெயரில் மூன்றாம் ஆள் என்று ஒருவர் கிடைக்கமாட்டார், யாரைக் கேட்டாலும் மாப்பிள்ளை வீடுதான். இது புவனாவுக்கும் மச்சானுக்கும் எனக்கும் ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. வேறு யாராக இருந்தாலும் வாசலோடு திரும்பியிருப்பார்கள். மச்சானுடைய கையில் கேக் இருந்ததால் உள்ளே போய்விட்டார். போனவர் விசாரணையையும் முடித்துக்கொண்டே வந்தார். அன்று மாலை தொலைபேசியில் அவருடைய அறிக்கை ஒலிபெருக்கியில் வந்தது.

“பேர் விளங்கிட்டுது. ‘கேற்’ எண்டால் ஆடு. ‘துவேற்’ எண்டால் காடு வெட்டித் துப்புரவாக்கின வெளி. ஆட்டுவெளி. ஊர்ப்பேர்தான் குடும்பப்பேராய் வந்திருக்குது.”

புவனாவின் முகம் கறுத்தது. “ஆடு மேய்ச்ச ஆக்களோ அண்ணை?”

“பொறு பிள்ளை. ஆடு மேய வெளி வேணும். வெளி இருந்தால் காணி இருந்திருக்குது. அப்ப காணிக்காரர். ஆட்டை வேறை ஆரும் மேய்ச்சிருப்பினம்.”

புவனாவுக்கு மூச்சு வந்தது. மச்சான் தொடர்ந்தார். “ஆனால் ஒண்டு. முந்தி ஒரு காலத்திலை அந்தக் குடும்பத்திலை ஒருத்தனைத் தூக்கிலை போட்டிருக்கினம்.”

“ஐயோ, என்னத்துக்கு?”

“ஆடு களவெடுத்தவனாம்.”

“ஆட்டுவெளி ஆக்கள் ஏன் ஆடு களவெடுக்கினம்?”

“அதைத்தான் நானும் கேட்டனான். கிழவருக்கும் விளங்கேல்லையாம். கனகாலமா அதைத்தான் யோசிச்சுக்கொண்டு இருக்கிறாராம்.”

“அந்த ஊர் இப்ப எப்பிடி இருக்காம்?”

“ஊர் இல்லைப் பிள்ளை. அதுக்கு மேலாலை குளம் கட்டிப்போட்டினம். பக்கத்து நகரத்துச் சனம் அந்தத் தண்ணியிலைதான் தேத்தண்ணி ஊத்திக் குடிக்குது.”

இதற்குள் நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன். மச்சான் கடைசியாக ஒன்று சொன்னார். அந்தச் சொற்கள் ஆங்கிலமே இல்லையாம். ஆயிரம் வருடத்துக்கு முன் நோர்வேப் பக்கமிருந்து வள்ளத்தில் வந்தவர்கள் வைத்த பெயராம்.

அடுத்த நாள் பஸ் நிலையத்தில் மேற்குக் கரையைச் சேர்ந்த ஒரு சாரதியிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவன் கோப்பியிலிருந்து தலையை எடுக்காமலே, “கெய்ட் ஆடு, த்வெய்ட் வெட்டின வெளி. எங்கள் பக்கம் மலைக்கு ஒன்று இருக்கும். ஏன், காணி வாங்கப்போகிறாயா?” என்றான். ஆக, ஒலிவரின் முன்னோர் இங்கிருந்து வள்ளம் ஏறிப் போனவர்கள். விசா இல்லை, ஒன்றும் இல்லை. போன இடத்தில் காட்டை வெட்டி ஆட்டைக் கட்டினார்கள், அந்த ஊர்ச் சனத்தைக் கலியாணம் செய்தார்கள், பிள்ளைகள் மொழியை மறந்தார்கள். ஆரணி வீட்டில் தமிழ் கதைப்பது குறைகிறதே என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் கவலைப்படுகிற எனக்கு அன்று பஸ் ஓட்டும்போது யோசனையாகவே இருந்தது. ஆயிரம் வருடத்துக்குப் பிறகு அவர்களிடம் மிஞ்சியது ஓர் ஆடு. எங்களிடம் என்ன மிஞ்சும் என்று பார்த்தால், புட்டு மிஞ்சும் என்றுதான் நினைக்கிறேன்.

4

தன் பெயரைப் பற்றி வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் தேடிவந்து கேட்டதில் ஆதருக்குப் பிடிபடாத சந்தோசம். மச்சான் வாசலைத் தாண்டியதும் ஒலிவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வாழைப்பழத்தோடு ஒரு கனவான் வந்தார், நீ குடிப்பாயா என்று கேட்டார், என்னளவு இல்லை என்றேன், குடும்பத்தில் பைத்தியம் உண்டா என்று கேட்டார், என்னைப் பார்த்தால் தெரியவில்லையா என்றேன். ஒலிவர் வயிறு நோகச் சிரித்திருக்கிறான். சிரித்து முடித்து ஆரணியிடம் சொன்னான்.

ஆரணி அந்தக் கிழமையே ஹவுகெட்டோவுக்கு வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் நோர்வே மொழியான நோர்ஸ்க்தான் வரும், தமிழில் கோபப்பட அவளுக்குச் சொல் போதாது. நான் அவளுக்குச் சின்ன வயதில் சமாதானச் சொற்களை மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்போல. புவனாவுக்கு நோர்ஸ்க் அவ்வளவு வேகத்தில் விளங்காது. அதனால் முழுவதையும் நான்தான் வாங்கினேன். அவனை ஒரு மாட்டைப்போல விலை பார்த்தீர்கள் என்றாள். உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன் என்றாள். கடைசி வசனத்தை மட்டும் தாய்க்கும் விளங்கட்டும் என்று தமிழில் சொன்னாள்.

“ராட்ஹூஸிலைதான் எழுத்து. நீங்கள் வரத் தேவையில்லை.”

அதற்குப் பிறகு போன் எடுத்தால் எடுக்கமாட்டாள். செய்தி அனுப்பினால் பார்த்ததற்கு அடையாளம் வரும், பதில் வராது. புவனா சமையலறையில் நின்று, “நீங்கள் ஒருக்கால் மறிச்சிருக்கலாமே” என்றாள். அன்று தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டியது நான்தான். கலியாணத்துக்கென்று அவள் எடுத்து வைத்திருந்த கூறைச்சேலை அலுமாரியில் இருந்தது. அதைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நான் பஸ்ஸில் ஒரு தரிப்பிடத்தை மறந்து தாண்டிப்போனேன். சனம் கத்தியது. அப்பாவின் பெயரில் வந்த முதல் முறைப்பாடு அது.

எங்களைக் காப்பாற்றியது ஆதர். ஒருவர் நம் வீட்டுக்கு வந்தால் நாமும் போய்வர வேண்டும் என்பது அவருடைய பக்கத்திலும் வழக்கமாம். மச்சானிடம் எங்கள் விலாசம் கேட்டிருக்கிறார். மறுக்க மச்சானுக்கு வாய் வரவில்லை. ஒருநாள் ஆரணியிடமிருந்து நோர்ஸ்கில் ஒரு செய்தி வந்தது: ஆதர் சனிக்கிழமை உங்கள் வீட்டில் சாப்பிட விரும்புகிறார், நாங்களும் வருகிறோம், அவருக்காக மட்டும்.

5

புவனா குறொன்லாண்டுக்குப் போய் நண்டு வாங்கி வந்தாள். ஆதர் ஒரு நீண்ட மட்டைக் குழாயோடு வந்தார். மெலிந்த, சிவந்த மனிதர், காதில் முடி. சாப்பாட்டு மேசையைக் கண்டதும் அதற்குத்தான் காத்திருந்ததுபோல நண்டுக்கறிச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் குழாயிலிருந்த தாளை விரித்தார். அது மேசையைத் தாண்டி, சோபாவில் ஏறி, ஜன்னலடியில் போய் முடிந்தது. வம்சவரலாறு. கீழே கடைசியில் ஒலிவர். மேலே மேலே போய், உச்சியில் பெயர் இல்லை. பெரிய ஒரு கேள்விக்குறி.

ஆதரின் ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. நான் படித்த ஆங்கிலம் நோர்ஸ்க்குக்கு இடம் கொடுத்துவிட்டு எப்போதோ போய்விட்டது, அவர் கதைத்ததோ மலைநாட்டு ஆங்கிலம். புவனாவுக்கும் விளங்கத் தமிழில் மொழிபெயர்க்க ஆரணியைத் தவிர ஆளில்லை. என்னோடு கதைப்பதில்லை என்று இருந்தவள், என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு மொழிபெயர்த்தாள்.

தாளை ஓரமாகச் சுருட்டிவிட்டு நண்டுக்கால் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆதர் சொன்னார்: “எங்களைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டேன். இப்போது உங்கள் முறை. பரமலிங்கம் என்ற குடும்பப்பெயர் எவ்வளவு பழையது? எங்கே தொடங்கியது?”

புவனா என்னைப் பார்த்தாள். கோயில், காணி, பாட்டன், பூட்டன் என்று ஏதாவது பெரிதாகச் சொல்லச் சொன்னது அந்தப் பார்வை. எனக்குப் பொய் வரவில்லை.

“ஒஸ்லோவிலை தொடங்கினது” என்றேன். “ஒரு ஒப்பிஸ் கவுண்டரிலை.”

ஆரணி சுவரை விட்டு என்னைப் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சொன்னேன். வந்திறங்கிய புதிது, நல்ல பனி, மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. கண்ணாடி போட்ட ஒரு பெண் கடவுச்சீட்டைப் பார்த்து ஏதோ கேட்டாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பேனாவால் வல்லிபுரத்தைத் தொட்டாள், பிறகு பரமலிங்கத்தைத் தொட்டாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் நெஞ்சில் தட்டி, பரமலிங்கத்தில் விரல் வைத்தேன். இதுதான் நான் என்று. அவளுக்கும் நிம்மதி. குடும்பப்பெயர் என்று எழுதிவிட்டாள்.

ஆரணி அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது ஆதர் நண்டுக்காலைக் கீழே வைத்துவிட்டார்.

“இவருக்கு முன்னால் இந்தப் பெயரில் ஒரு குடும்பம் இல்லையா?”

“இல்லை” என்றாள் ஆரணி.

“அப்படியென்றால் இவர்தான் முதல் ஆள்.”

“ஓம்” என்றேன்.

மனிதர் எழுந்து நின்றுவிட்டார். மேசையைச் சுற்றி வந்து என் வலக்கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கை முழுக்க நண்டுக்கறி, அவருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. சுருட்டிய தாளை மீண்டும் இழுத்து உச்சியில் இருந்த கேள்விக்குறியைக் காட்டினார். அந்த இடத்தில் மஞ்சள் படிந்தது.

“இவனைத்தான் நான் ஆயுள் முழுக்கத் தேடினேன்” என்றார். “ஒரு சரிவில் ஆட்டோடு நின்றிருப்பான். யாரோ வந்து, நீ யார் என்று கேட்டிருப்பார்கள். பாஷை விளங்கியிராது. எதையோ தொட்டுக் காட்டியிருப்பான். அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவன் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள். சொல்லுங்கள், அந்த நேரம் உங்கள் மனதில் என்ன இருந்தது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வம்சத்தின் முதல் மனிதன் என்ற முறையில் ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம்.

“எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு நிண்டது” என்றேன். “டொய்லெற் எங்கையெண்டு கேக்க நோர்ஸ்க் தெரியாது. கெதியா எழுதி முடிக்கட்டும் எண்டு நினைச்சனான்.”

“அப்பா, உதையும் நான் சொல்லோணுமோ?” என்றாள் ஆரணி. கிழமைக்கணக்கில் பேசாமல் இருந்தவள் என்னோடு நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

“சொல்லு.”

சொன்னாள். ஒலிவர் வாயைப் பொத்திக்கொண்டான். ஆதர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, கேள்விக்குறிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் எதையோ எழுதினார். “கட்டாயம் அவனும் அதைத்தான் நினைத்திருப்பான்” என்றார். அவருடைய பெரிய சிக்கல் ஒன்று தீர்ந்ததுபோல முகம் தெளிந்திருந்தது.

“பிறகு?” என்று கேட்டார்.

“பிறகு இவள் பிறந்தாள்” என்றேன். “ஆஸ்பத்திரியிலை கையிலை ஒரு பட்டி கட்டினவை. இன்னும் பேர் வைக்கேல்லை. பரமலிங்கம் எண்டு மட்டும் எழுதியிருந்தது. அதுவரைக்கும் அது எனக்குப் பிழையா எழுதின பேர். இவளின்ரை கையிலை பாத்தாப்பிறகுதான் அது குடும்பப்பேர் ஆனது. அது சரியா வடிவா இருந்தது.”

ஆரணி மொழிபெயர்க்கத் தொடங்கி இரண்டு சொல்லோடு நின்றுவிட்டாள். கண்ணைத் துடைத்தாள். துடைத்தது நண்டுக் கை. பிறகு நடந்ததை விவரிக்க முடியாது. அவள் குளறினாள், புவனா தண்ணீருக்கு ஓடினாள், ஒலிவர் பாலை எடுத்து ஊற்றினான், ஆதர் தாளைக் காப்பாற்றப் போய்ச் சட்டியைத் தட்டினார். மிளகாய்த்தூள் எரிவுக்கு அழுகிறாளா வேறெதற்கும் அழுகிறாளா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நானும் வெங்காயம் வெட்டாமலே அழுதுகொண்டிருந்தேன்.

கண் கழுவிச் சிவந்துபோய் அவள் வந்து உட்கார்ந்ததும் ஒலிவர் மெதுவாகச் சொன்னான். கலியாணத்தோடு தானும் இந்தப் பெயரை எடுக்க யோசிப்பதாக. நோர்வேயில் அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, கணவனும் மனைவியின் குடும்பப்பெயரை எடுக்கலாம்.

நான் பதறிவிட்டேன். “வேண்டாம் தம்பி. உங்கடை பேர் ஆயிரம் வருசத்துப் பேர். நீங்கள்தான் கடைசி.”

ஆதர் தாளின் மேல் குனிந்தார். கொட்டிய கறியை ஒரு கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே இருந்தார். மனிதருக்கு நொந்துவிட்டது என்பதை மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. பிறகு, நடுவில் ஒரு பெயர் வைக்க இங்கே விடுவார்களா என்று கேட்டார். விடுவார்கள் என்றாள் ஆரணி.

“அப்படியென்றால் ஆடு நடுவில் நிற்கட்டும்” என்றார். “அது கனதூரம் போய் இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறது. களைத்திருக்கும்.”

போகும்போது ஆரணி வாசலில் நின்று தாயைப் பார்த்து, “ராட்ஹூஸ் மட்டும் எண்டு சொன்னதை விடுங்கோ அம்மா. ஐயருக்குச் சொல்லுங்கோ” என்றாள். புவனா ஒலிவரின் கையில் மிச்ச நண்டுக்கறியைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தாள். அது அவள் கேட்ட மன்னிப்பு.

6

கலியாணம் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. கூடைப்பந்து வலைக்குக் கீழே மணவறை. ஐயர் மாப்பிள்ளையின் கோத்திரம் கேட்டார். ஒலிவர் ஆரணியைப் பார்க்க, ஆரணி என்னைப் பார்க்க, ஐயர் பழகியவர், சிவகோத்திரம் என்று தானே போட்டுக்கொண்டார். பிறகு தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். முன்வரிசையில் பட்டுச் சால்வையோடு இருந்த ஆதர் இதற்காகவே பிறந்தவர். எழுந்து வந்து சொல்லத் தொடங்கினார். மூன்று முடிந்தது. ஆதர் நிறுத்தவில்லை. ஐயர் கையைக் காட்டினார், மச்சான் சால்வையைப் பிடித்து இழுத்தார். தூக்கில் தொங்கியவரின் பெயரும் சமஸ்கிருதத்துக்கு நடுவில் ஏறிய பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

நான் ஆரணியின் கையைப் பிடித்து ஒலிவரின் கையில் வைத்தேன், புவனா தண்ணீர் வார்த்தாள். எவ்வளவோ காலம் நினைத்து வைத்திருந்த காரியம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான், அது கிடைத்தது.

7

போன சனிக்கிழமை ஆரணி போன் எடுத்தாள். “அப்பா, எங்கடை போஸ்ட்காசுக்குப் பேர்ப்பலகை வந்திட்டுது. வந்து பூட்டித் தாறியளோ? ஒலிவர் பூட்டினால் சரியும்.”

பாலங்களைப் பார்க்கிறவனுக்குத் தபால்பெட்டிப் பலகை சரியும் என்றால் நான் என்ன சொல்ல. திருப்புளியை எடுத்துக்கொண்டு போனேன். அவர்களுடைய கட்டடத்தில் எல்லாத் தபால்பெட்டிக்கும் பலகை ஒரே அளவில்தான் இருக்க வேண்டும் என்று நிர்வாகம் விதி வைத்திருக்கிறது. ‘ஒலிவர் கேற்துவேற் பரமலிங்கம்’ அந்த அளவுக்குள் அடங்க மறுத்துவிட்டது. பலகை செய்தவர்கள் யோசிக்காமல் இரண்டு பலகையாக அனுப்பியிருந்தார்கள். இரண்டு பலகை பூட்ட விதியில் இடமில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு விதியும் மீறாத நான், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பூட்டத் தொடங்கினேன். ஒலிவர் சரியாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்போது மச்சான் போன் எடுத்தார். கை இரண்டிலும் வேலை, ஆரணி ஒலிபெருக்கியில் போட்டாள்.

“மச்சான், ஒரு சிக்கல். லண்டனிலை இருந்து ஒரு ஆள் போன் எடுத்தவர். கலியாணக் கார்ட்டிலை பேர் பாத்திருக்கிறார். ஒலிவர் பரமலிங்கம் எண்டால் கிறிஸ்தவ வேதக்காரப் பெடியனோ, எந்தப் பரமலிங்கத்தின்ரை மகன், என்ன ஆக்கள் எண்டு விசாரிக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?”

ஆரணி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒலிவர் பலகையைப் பிடித்தபடி, என்ன சொல்கிறார் என்று நோர்ஸ்கில் கேட்டான். நான் அந்தப் பெயரை ஊர் வழக்கப்படி ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். ஒலிவர், தகப்பன் பெயர் பரமலிங்கம். எனக்கு மகன் இல்லை என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

“வேறை ஆரையும் விசாரிக்கத் தேவையில்லை எண்டு சொல்லு மச்சான்” என்றேன். “என்ரை பெடியன். எங்கடை ஆக்கள்.”

சொல்லிவிட்டுக் கடைசித் திருகாணியை இறுக்கினேன்.